கூடத்துக்கு வர வேண்டிய உலகக் கோப்பை

2022 கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, கொச்சியை ஒட்டிய முண்டக்காமுகள் என்ற ஊரில் 17 பேர் கூட்டாகப் பணம் போட்டு 23 லட்ச ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. குடியிருக்க வாங்கிய வீடல்ல. பெரிய திரையை மாட்டி, சுவரெங்கும் கொடிகளைக் கட்டி, கூடி உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதற்காக வாங்கியது. கேரளத்துக் கால்பந்துப் பித்து என்று சிரித்துவிட்டு நகர்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த ஆண்டு 64 ஆட்டங்களும் ஜியோசினிமா செயலியில் காசில்லாமல் கிடைத்தன. கையில் கைபேசியும், அதில் மலிவான டேட்டாவும் இருந்த காலத்தில்தான் அவர்கள் ஒரு வீட்டையே வாங்கினார்கள். உலகக் கோப்பையைப் பார்ப்பது என்பது படம் கிடைத்தால் முடிந்துவிடும் காரியம் அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. நாலு பேர் சேர்ந்து, ஒரே திரையில், ஒரே நொடியில் பார்க்க வேண்டிய விஷயம் அது. அப்படிப் பார்ப்பதற்கான வழி இந்தியாவில் ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே வருகிறது. அதைச் சட்டத்தின் மூலம் மறுபடி அகலப்படுத்த வேண்டும் என்பதே என் வாதம்.

இன்று ஓர் இந்திய வீட்டில் உலகக் கோப்பையைப் பார்க்கப் பொதுவாக மூன்று வழிகள். உரிமை வாங்கிய நிறுவனத்தின் செயலி ஒன்று. அதே நிறுவனத்தின் கட்டணச் சேனலைக் கேபிளிலோ டிடிஎச்சிலோ சேர்த்துக்கொள்வது இன்னொன்று. தூர்தர்ஷனின் மாதக் கட்டணமில்லாத ஃப்ரீ டிஷ் மூன்றாவது. முதல் இரண்டு வழிகளின் வாசல் ஒவ்வொரு முறையும் இடம் மாறுகிறது. 2010 போட்டி ஈஎஸ்பிஎன் ஸ்டார் வசம் இருந்தது. 2014, 2018 போட்டிகள் சோனியிடம் போயின. 2022-ல் வயாகாம்18. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, எந்தச் சேனல், எந்த பேக், எந்தச் செயலி என்று வீட்டில் இருக்கும் இளையவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. இளையவர் இல்லாத வீட்டில் கேட்கவும் ஆளில்லை. மூன்றாவது வழிதான் யாரிடமும் கேட்காமல் திறந்திருக்க வேண்டியது. அதன் நிலைமையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கு அது. 1993 ஹீரோ கோப்பையின் ஒளிபரப்பு உரிமையை யாருக்கு விற்பது என்ற சண்டையில் பிறந்தது. ஆக, விளையாட்டு ஒளிபரப்பும் பொதுமக்களின் உரிமையும் இந்நாட்டில் தொடக்கம் முதலே ஒரே வழக்கில் பிணைந்தவை. 2007 ஜனவரியில் இந்தியா–வெஸ்ட் இண்டீஸ் ஒருநாள் தொடரைத் தூர்தர்ஷனுக்குத் தர உரிமையாளர் மறுத்தபோது, ஏழு நிமிடத் தாமதத்தோடு காட்டிக்கொள்ளலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஏழு நிமிடம் பிந்திய கிரிக்கெட்டை யார் பார்ப்பார்கள் என்ற கூச்சல் எழுந்தது. அடுத்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. பிறகு நாடாளுமன்றத்தில் முழுச் சட்டமாக நிறைவேறியது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டு நிகழ்வு என்று மத்திய அரசு அறிவிக்கும் எதையும், உரிமையாளர் யாராக இருந்தாலும், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அதிலும் தன் சொந்த விளம்பரங்கள் இல்லாத படமாகத் தர வேண்டும். தூர்தர்ஷன் ஈட்டும் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 75-க்குக் குறையாமல் உரிமையாளருக்கே போகும் என்றும் சட்டம் சொல்கிறது. மோசமான ஏற்பாடு இல்லை.

அப்படி அறிவிக்கப்பட்ட நிகழ்வுகளின் பட்டியலில் கால்பந்தும் இருக்கிறது. உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம், காலிறுதிகள், அரையிறுதிகள், இறுதி. கூட்டிப் பார்த்தால் எட்டு ஆட்டங்கள். 32 அணிகள் ஆடிய காலத்தில் மொத்தம் 64 ஆட்டங்கள். எட்டில் ஒன்று பொதுமக்களுக்கு உறுதியாக இருந்தது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து நடத்தும் 2026 போட்டிக்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள். எட்டு எட்டாகவே நிற்கிறது. பங்கு பதின்மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. யாரும் எதையும் பறிக்கவில்லை. போட்டி வளர்ந்தது, பட்டியல் வளரவில்லை, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய அடி வேறிடத்தில் விழுந்தது. சட்டம் எழுதப்பட்டபோது மொட்டை மாடியில் மீன்முள் போல நிற்கும் ஆன்டெனா இன்னும் பல வீடுகளில் இருந்தது. அதோடு, கேபிள்காரர்கள் தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்ற விதியால், கேபிள் வைத்திருந்தவர்களுக்கும் பகிரப்பட்ட ஆட்டங்கள் தானாகவே வந்துகொண்டிருந்தன. உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். பகிரப்படும் படத்தைப் பிரசார் பாரதி தன் சொந்தத் தரைவழி, டிடிஎச் வலைப்பின்னலில் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிள் வழியே செல்லக்கூடாது என்று 2015-ல் டெல்லி உயர் நீதிமன்றமும், 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்வது கடினம். சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் தூர்தர்ஷன் தன் அனலாக் தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்களைச் சில இடங்கள் நீங்கலாக மூடிவிட்டது. தரைவழி போனது, கேபிள் அடைபட்டது. மிச்சம் ஃப்ரீ டிஷ் மட்டும். அது நான்கு கோடிக்கும் அதிகமான வீடுகளில் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்த வீடுகளில் பெரும்பங்கு வடக்கே.

தமிழ்நாட்டின் கதை வேறு. 2006 தேர்தலுக்குப் பிறகு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை அரசே இலவசமாகக் கொடுத்த மாநிலம் இது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. பெட்டியும் வந்தது, அதற்குள் போகும் கம்பியும் மலிவாக வந்தது. குடை போன்ற தட்டைச் சொந்தமாக வாங்கி மாடியில் வைக்க இங்கே பலருக்கு அவசியம் ஏற்படவில்லை. அதனாலேயே 2017 தீர்ப்பின் சுமை கேபிளை நம்பிய தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் தலையில் கூடுதலாக விழுந்தது. தலைமுறைகளாகப் பந்தை உதைத்துக்கொண்டிருக்கும் வியாசர்பாடியிலோ கன்னியாகுமரிக் கடலோரத்து ஊர்களிலோ கேபிள் மட்டுமே வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு, சட்டம் தருவதாகச் சொல்லும் அந்த எட்டு ஆட்டங்களும் தூர்தர்ஷன் வழியே வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

எட்டு ஆட்டங்களாவது இருக்கின்றனவே, முக்கியமானவை அவைதானே என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை ஃபிஃபாவே ஐரோப்பிய நீதிமன்றங்களில் எழுப்பித் தோற்றிருக்கிறது. பிரிட்டனும் பெல்ஜியமும் உலகக் கோப்பை முழுவதையும் இலவசத் தொலைக்காட்சிக்கான பட்டியலில் வைத்திருந்தன. அரையிறுதி, இறுதி, அந்தந்த நாட்டு அணி ஆடும் ஆட்டங்கள் போன்றவை மட்டுமே மக்களுக்கு முக்கியம், மற்றவற்றைக் கட்டணச் சேனலுக்கு விற்கும் உரிமை எங்களுக்கு வேண்டும் என்று ஃபிஃபா வாதிட்டது. 2011-ல் கீழ் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாதாரணமாகத் தோன்றும் ஓர் ஆட்டத்தின் முடிவுதான் பெரிய ஆட்டத்தில் யார் யாரோடு மோதுவது என்பதைத் தீர்மானிக்கிறது, ஆகவே போட்டி முழுவதையும் ஒரே நிகழ்வாகப் பார்ப்பதில் தவறில்லை என்றது. மேல்முறையீடும் 2013 ஜூலையில் தள்ளுபடியானது.

நீதிபதிகள் சொல்லாமலேயே கத்தார் இதை நிரூபித்தது. அந்தப் போட்டியில் எதைப் பற்றி இன்றும் பேசுகிறோம்? இறுதியாட்டம் ஒன்று, சரி. அது தவிர, நவம்பர் 22 அன்று சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2–1 என்று கவிழ்த்தது. மறுநாளே ஜப்பான் ஜெர்மனியை அதே கணக்கில் வீழ்த்தியது, பிறகு ஸ்பெயினையும் சாய்த்தது. கேமரூனிடம் பிரேசிலும், துனீசியாவிடம் பிரான்ஸும் தோற்றன. மொராக்கோ பெனால்டி ஷூட் அவுட்டில் ஸ்பெயினை வீட்டுக்கு அனுப்பியது. இவற்றில் ஒன்றுகூட நம் பட்டியலுக்குள் வராது. எல்லாமே முதல் சுற்று, அல்லது காலிறுதிக்கு முந்தைய சுற்று. பட்டியலை மட்டும் நம்பிய ஒருவருக்கு, மொராக்கோ திடீரென்று காலிறுதியில் வானத்திலிருந்து குதித்த அணி. சிறிய நாடுகள் ஆடும் முதல் இரண்டு வாரங்களை வெட்டிவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் ஐரோப்பாவும் தென்னமெரிக்காவும் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் ஒரு கோப்பை. அதற்கு உலகக் கோப்பை என்று பெயர் வைத்திருக்க வேண்டியதில்லை. அணிகளை 48 ஆக உயர்த்தியதன் நியாயமே ஆப்பிரிக்காவும் ஆசியாவும் கூடுதலாக இடம்பெற வேண்டும் என்பதுதான். அந்தக் கூடுதல் இடங்கள் முழுக்க நம் பொதுத் தொலைக்காட்சி காட்டத் தேவையில்லாத பகுதியில் இருப்பது வேடிக்கை.

அடுத்து வருவது, எல்லோரிடமும் கைபேசி இருக்கும்போது தொலைக்காட்சியைப் பிடித்துத் தொங்குவானேன் என்ற வாதம். இது வலுவானது. 2022 இறுதியாட்டத்தைத் தன் தளத்தில் 3.2 கோடிப் பேர் பார்த்ததாக ஜியோசினிமா அறிவித்தது. பேருந்தில் இருந்தவரும் இரவுப் பணியில் இருந்த காவலாளியும் பார்க்க முடிந்தது இதனால்தான். இணையத்தின் இந்தப் பயனை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது ஒளிபரப்பின் இடத்தை நிரப்பாது. காரணம் ரசனை அல்ல, பொறியியல். ஒளிபரப்பில் செயற்கைக்கோளிலிருந்து ஒரே அலை ஒரே வீச்சில் நாடு முழுவதும் விழுகிறது. நூறு பேர் பார்த்தாலும் பத்துக் கோடிப் பேர் பார்த்தாலும் அதற்கு ஒன்றுதான். இணையத்தில் அப்படியல்ல. மைதானத்துப் படம் முதலில் பல தரங்களில் சுருக்கப்படுகிறது. சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்படுகிறது. அந்தத் துண்டுகள் ஊர் ஊராக இருக்கும் சேமிப்புக் கணினிகளுக்குப் போகின்றன. அங்கிருந்து ஒவ்வொரு கைபேசியும் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறது. வாங்கியதை உடனே காட்டாமல், நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகுதான் ஓட்டுகிறது. இப்படிக் கூடும் தாமதம் சாதாரணமாக அரை நிமிடத்தை எட்டிவிடும். பெனால்டி ஷூட் அவுட்டில் அரை நிமிடம் என்றால் என்ன என்பதை அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் திரையில் ஆட்டக்காரர் பந்தை வைத்துவிட்டுப் பின்னோக்கி நடந்துகொண்டிருப்பார். மேல்மாடியில் டிடிஎச் வைத்திருப்பவர் வீட்டிலிருந்து கத்தல் கேட்கும். அதற்குமேல் அந்த உதையைப் பார்ப்பது சடங்குதான்.

தாமதமாவது போகட்டும், ஒவ்வொரு பார்வையாளரும் தனிச் சுமையாகச் சேர்வதுதான் ஆபத்து. 2018-ல் ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் உலகக் கோப்பையின் பெரும்பகுதியைத் தன் செயலியில் மட்டுமே காட்டியது. தொடங்கிய சில நாளிலேயே படம் வராமல் மக்கள் கொதித்தெழ, அப்போதைய பிரதமர் மால்கம் டர்ன்புல் நிறுவனத் தலைவரிடம் நேரடியாகப் பேச வேண்டிய நிலை வந்தது. கடைசியில் முதல் சுற்றின் மீதி ஆட்டங்களை எஸ்பிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சி காட்டித்தான் மானம் காத்தது. ஜப்பானில் 2022-ல் 64 ஆட்டங்களையும் இலவசமாகக் காட்டிய அபேமா நல்ல முன்மாதிரி. அந்த நிறுவனம்கூட ஜப்பான்–குரோஷியா ஆட்டத்தின்போது கூட்டம் தாங்காமல் புதிதாக வருவோரைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. இந்தியாவிலும் கத்தார் தொடக்க நாளன்று படம் நின்று நின்று ஓடியதைப் பற்றிப் பயனர்கள் சமூக ஊடகங்களில் பொரிந்து தள்ளினார்கள். நிறுவனங்கள் பாடம் கற்று மேம்பட்டிருக்கின்றன, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்க விரும்பும் நிகழ்வுக்கு, எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் திணறும் வழியை மட்டும் நம்பியிருப்பது புத்திசாலித்தனமா?

இலவசம் என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். 2022-ல் கிடைத்த இலவசம் புதிய தளத்துக்கு ஆள் சேர்க்கும் உத்தி. 2023 ஐபிஎல்லும் அதே தளத்தில் இலவசமாக வந்தது. 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் இணைந்து ஒரே தளமானதும், அந்த ஆண்டு ஐபிஎல்லை முழுதாகப் பார்க்கச் சந்தாவோ குறிப்பிட்ட ரீசார்ஜோ தேவை என்றானது. நிறுவனத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வியாபாரம் செய்ய வந்தவர்கள் வியாபாரம்தான் செய்வார்கள். குறை, அவர்கள் தாராளம் காட்டிய ஓர் ஆண்டைப் பார்த்துவிட்டு, பொதுத் தொலைக்காட்சிக்கு இனி வேலையில்லை என்று முடிவுகட்டுகிறவர்களுடையது.

பணத்தைப் பற்றிய ஆட்சேபத்துக்குத்தான் நேர்மையாகப் பதில் சொல்வது கடினம். 2019 முதல் 2022 வரையிலான நான்காண்டுச் சுழற்சியில் ஃபிஃபாவின் வருவாய் ஏறத்தாழ 750 கோடி டாலர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு ஒளிபரப்பு உரிமைகளிலிருந்து வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஏழை நாடுகளின் கால்பந்துச் சங்கங்களுக்கும் போகிறது, நம் சங்கம் உட்பட. எல்லா ஆட்டங்களையும் இலவசமாகக் கொடு என்றால் உரிமையை வாங்க இங்கே யார் முன்வருவார்கள்? கேள்வி நியாயமானது. ஆகவே 104 ஆட்டங்களையும் இப்போதுள்ள சட்டத்தின்படி அப்படியே பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது இன்றைய பட்டியலைவிட மோசமான விளைவைத் தரும். வாங்க ஆளில்லாமல் போட்டியே நம் நாட்டுக்கு வராமல் போகலாம். நாள் ஒன்றுக்கு ஓர் ஆட்டமும், முதல் சுற்று முடிந்தபின் வெளியேற்றச் சுற்றின் எல்லா ஆட்டங்களும் என்ற அளவு போதும். அப்படியும் முதல்சுற்று ஆட்டங்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் உரிமையாளரிடம் தனியாக இருக்கும். செயலிக்குச் சந்தா கட்ட ரசிகனுக்குக் காரணமும் இருக்கும்.

விலையைக் கொடுத்தே வாங்கலாம் என்பதும் முக்கியம். பிரிட்டனின் 1996 ஒளிபரப்புச் சட்டம் எதையும் இலவசமாகப் பகிரச் சொல்வதில்லை. மக்களில் 95 சதவீதம் பேருக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் சேனல்களுக்கு, நியாயமான விலையில் வாங்கும் வாய்ப்பு இருந்தாக வேண்டும் என்றது. பிபிசியும் ஐடிவியும் பணம் கொடுத்துத்தான் உலகக் கோப்பையை வாங்கிப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஃபிஃபா பிரிட்டனில் ஏழையாகிவிடவில்லை. இந்தியாவில் இது எவ்வளவு பெரிய செலவு? ஐபிஎல்லின் 2023–27 ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்குப் போயின. கத்தார் உலகக் கோப்பைக்கு இந்தியாவில் கொடுக்கப்பட்டதாகச் செய்திகளில் வந்த தொகை சுமார் 450 கோடி. ஐபிஎல் தொகையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் ஒரு பகுதிக்கான விலையைப் பிரசார் பாரதி விளம்பர வருவாயை வைத்துக் கொடுக்க முடியாதா என்ன?

நம் அணியே ஆடாத போட்டி எப்படித் தேசிய முக்கியத்துவம் பெறும் என்று சிலர் கேட்கிறார்கள். 1950-ல் பிரேசிலுக்குப் போகக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்ட பிறகு இந்தியா உலகக் கோப்பையின் வாசலை மிதித்ததில்லை. ஆனால் பெல்ஜியத்தைப் பாருங்கள். அந்த அணி 2006, 2010 போட்டிகளுக்குத் தகுதி பெறவே இல்லை. முழுப் போட்டியையும் பட்டியலில் வைக்கும் உரிமைக்காகப் பெல்ஜியம் ஃபிஃபாவோடு மல்லுக்கட்டிய காலமும் அதுதான். சொந்த அணி இல்லாதபோதும் மக்கள் பார்க்கிறார்கள் என்றால் அது மக்களுக்கு முக்கியம். பிரேசில் தோற்றால் கொல்கத்தாவில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது என்பதெல்லாம் மிகைதான்; கோழிக்கோட்டுப் பக்கம் ஆற்றுக்குள் மெஸ்ஸி, நெய்மார், ரொனால்டோவுக்குக் கட்அவுட் வைத்தது மிகையல்ல, படமெடுத்து உலகமே பார்த்தது. ஒரு நாடு தான் ஜெயிக்கும் விளையாட்டை மட்டுமே பொதுவில் காட்டினால் அங்கே இன்னொரு விளையாட்டு வளராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையும் தான் பார்த்தே இராத ஆட்டத்தை ஆட ஆசைப்படுவதில்லை.

நள்ளிரவு ஆட்டத்தை எத்தனை பேர் பார்க்கப்போகிறார்கள் என்பது கடைசியாக வரும் அலுப்பான கேள்வி. 2026 ஆட்டங்கள் நம் கணக்கில் பெரும்பாலும் இரவு ஒன்பதரையிலிருந்து மறுநாள் காலை வரை நீள்கின்றன. இறுதியாட்டத்துக்கு நேரம் நள்ளிரவு 12.30. சிரமம்தான். ஆனால் நேரத்தை வீட்டுப் பார்வையாளர்களுக்காக வளைப்பது உலகக் கோப்பைக்குப் புதிதல்ல. 1986 மெக்சிகோ போட்டியில் ஐரோப்பியக் குடும்பங்கள் மாலையில் பார்க்க வேண்டும் என்பதற்காக உச்சிவெயிலில் ஆட்டக்காரர்களை ஓட விட்டார்கள். மரடோனா அதை எதிர்த்துப் பேசினார், யாரும் காதில் வாங்கவில்லை. அஸ்டெகா மைதானத்தில் இறுதியாட்டமே நண்பகல் 12 மணிக்குத்தான் தொடங்கியது. அந்த நண்பகல் இந்தியாவில் இரவு பதினொன்றரை. தூர்தர்ஷன் காட்டிய அந்தப் போட்டியைக் கண்விழித்துப் பார்த்துத்தான் இந்த நாட்டில் ஒரு தலைமுறை அர்ஜென்டினா ரசிகர்களானது. அதற்கு அடுத்த தலைமுறைக்கும் அந்தப் பற்று அப்படியே கைமாறியிருக்கிறது. இரவில் விழிக்க முடியாதவர்களுக்கு மாலையில் முழு மறுஒளிபரப்பு என்பது பொதுத் தொலைக்காட்சி எளிதில் செய்யக்கூடியது. சந்தாவுக்கு ஆள் பிடிக்கும் செயலிக்கு அதில் பெரிய அக்கறை இருக்காது. 2030 போட்டியின் பெரும்பகுதி ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோவில் நடக்கவிருப்பதால், அங்கே பிற்பகலில் தொடங்கும் ஆட்டம் நம் வீட்டில் விளக்கேற்றும் நேரத்திலேயே வந்துவிடும். அதற்குள் சட்டத்தைச் சரிசெய்துகொள்ளக் காலம் இருக்கிறது.

தூர்தர்ஷன் காட்டும் விதம் பற்றிய கேலியை நான் எதிர்க்கப்போவதில்லை. ஆட்டத்தின் நடுவே திரையைச் சுருக்கி ஓரத்தில் விளம்பரம் ஓடவிடுவது, வர்ணனையாளர் ஆட்டக்காரரின் பெயரைத் தேடிக்கொண்டிருப்பது எல்லாம் நடந்தவைதான். 2022-ல் தனியார் தளம் தமிழ், மலையாளம், வங்காளம் என வர்ணனையைப் பல மொழிகளில் கொடுத்தது. பொதுத் தொலைக்காட்சி அந்த அளவுக்காவது உயர வேண்டும். ஆனால் இது ஓட்டையை அடைப்பதற்கான காரணம், கப்பலைக் கைவிடுவதற்கான காரணம் அல்ல. மைதானத்திலிருந்து வரும் படம் எல்லா நாட்டுக்கும் ஒன்றே, ஃபிஃபாவின் ஏற்பாட்டில் எடுக்கப்படுவது. தூர்தர்ஷன் கெடுக்காமல் இருந்தால் போதும். சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் உட்கார்ந்து தமிழில் வர்ணனை சொல்ல, சந்தோஷ் கோப்பையில் ஆடிய முன்னாள் வீரர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை இரண்டு. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிகழ்வுகளின் பட்டியலை விரிப்பதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதும். கேபிளுக்கும் பிற டிடிஎச்சுக்கும் அந்த ஆட்டங்களை மறுபடி கொண்டுவருவதற்கும், இலவசப் பகிர்வுக்குப் பதில் நியாய விலை என்ற முறையைச் சேர்ப்பதற்கும்தான் சட்டத் திருத்தம் தேவை. 2017 தீர்ப்புக்குப் பிறகு, 2018-ல் அமைச்சகமே இதைப் பற்றி ஒரு வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. அது கிடப்பில் போனது. உரிமையாளர்கள் எதிர்ப்பார்கள் என்பது தெரிந்ததே. கேட்பதற்கு எதிர்ப்பக்கம் யாரும் இல்லாததால் அவர்கள் குரல் மட்டும் கேட்கிறது. அரசு கேபிளை நடத்திக்கொண்டு, ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையிலும் விளையாட்டுக்குப் பணம் ஒதுக்கிக்கொண்டிருக்கும் தமிழ்நாடு, அந்த வரைவைத் தூசி தட்டி எடுக்கச் சொல்லி டெல்லிக்கு எழுதலாம். கேரளமும் மேற்கு வங்கமும் கையெழுத்துப் போட மறுக்கமாட்டா.